இன்சுலினுக்குப் போட்ட தீனி

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். எடை குறையவேண்டும் என்று எட்டு மாதம் அரை வயிற்றோடு இருந்தேன். காலையில் அளந்து, மதியம் அளந்து, ராத்திரி முடிந்தவரை ஒன்றும் தொடாமல் படுத்து, என்ன சாப்பிட்டேன் என்பதை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். எட்டு மாதம் கழித்து டாக்டர் அறையில் இருந்த எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏறினேன். செருப்பின் எடை தெரிந்தது, அவ்வளவுதான்.

கோர்ட்டில் ஆதாரம் காட்டுவதுபோல நோட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் அதை வாங்கி, திறக்காமலே மேசைமேல் வைத்தார். என் கையில் ஒட்டியிருந்த, ராத்திரி பகலாகச் சுகரை அளக்கும் சென்சாரின் இரண்டு வாரக் கோடுகளைத் திரையில் விரித்தார். பகல் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கோடுகள் பள்ளத்தில் விழுந்து, உடனே மலைபோல ஏறியிருந்த இடத்தைப் பேனாவால் தட்டினார்.

“இங்க என்ன சாப்பிட்டீங்க?”

“அதெல்லாம் சுகர் லோ ஆனப்போ சாப்பிட்டது டாக்டர். சாப்பாடு இல்ல, மருந்து மாதிரி.”

“மருந்துதான். எவ்வளவு மருந்து?”

பதில் இல்லை. நோட்டில் அந்தக் கணக்கே கிடையாது.

அந்த ‘மருந்து’ உள்ளே போகும் விதத்தைச் சொல்கிறேன். மணி இரண்டு நாற்பது இருக்கும். கனவில் ஏதோ ஒரு கட்டடத்தில் கதவு தேடி ஓடிக்கொண்டிருப்பேன். விழித்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், உதடு மரத்திருக்கும், விரல்கள் தனியே ஆடும். சென்சார் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கும். சுகர் 48. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்திலேயே நின்று பழச்சாற்றை டம்ளரில் ஊற்றாமல் பாட்டிலோடு குடிப்பேன். அப்புறம் பிஸ்கட். அப்புறம் ஜாம், ஸ்பூனால். அது பசி இல்லை. தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவன் மூச்சுக்குத் தவிக்கிற தவிப்பு. போதும் என்று சொல்லவேண்டிய மூளைக்கே அந்த நேரத்தில் சர்க்கரை போய்ச் சேரவில்லை, யார் சொல்வது? கை நடுக்கம் நின்ற பிறகுதான் வாய் நிற்கும். விடிந்து பார்த்தால் மேடையில் காலி உறை, மூடி இல்லாத பாட்டில், பூனை உருட்டிவிட்டுப் போன மாதிரி. மீட்டரில் 287.

இதை வாரத்துக்கு நான்கைந்து தடவை செய்துகொண்டிருந்தேன். பகலில் ஒரு பிஸ்கட்டை ஒதுக்கி வைத்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டு.

டைப் 1 பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை, இனிப்பை நிறுத்தினால் போவதும் இல்லை. இன்சுலினை வெளியிலிருந்து போட்டாக வேண்டும், ஒரு நாள் தவறாமல். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ‘பேசல்’ இன்சுலின் ஒன்று, சாப்பாட்டுக்கு என்று போடும் வேகமான ‘போலஸ்’ ஒன்று. என்னுடைய பேசல் ராத்திரி படுக்கும்போது, 24 யூனிட்.

நோய் தெரிந்தபோது எனக்கு 22 வயது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் 11 கிலோ குறைந்திருந்தேன். இதுவரைக்கும் என் உருவத்தை ஊர் உலகம் அதிகம் புகழ்ந்தது அந்த இரண்டு மாதத்தில்தான். “என்ன பண்றே, எங்களுக்கும் சொல்லிக் குடேன்” என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். நான் பண்ணியது ஒன்றுமில்லை, தண்ணீர் குடித்தேன், பாத்ரூம் போனேன், மறுபடியும் தண்ணீர் குடித்தேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுதாகத் திருப்பி இழுத்துக்கொள்ள முடியாது, வழியவிட்டுவிடும். ஒரு கிராம் குளுக்கோஸ் போனால் நான்கு கலோரி போச்சு. இன்னொரு பக்கம், இன்சுலின் இல்லாத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்க ஆரம்பித்துவிடும். பஞ்சத்தில் அடிபட்ட உடம்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டு நிறைய இருக்கும், வயிற்றுக்குள்ளும் போகும், செல்லுக்குள் மட்டும் நுழையாது.

ஊசி போட ஆரம்பித்த சில மாதத்தில் போன 11 கிலோவும் திரும்பி வந்தது. வட்டியாக இன்னும் நான்கு கிலோ. புகழ்ந்தவர்கள் மௌனமானார்கள். அந்த மௌனம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அந்த நாட்களில் எலிசபெத் ஹியூஸ் என்ற பெண்ணைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்பு டைப் 1 குழந்தைகளை உயிரோடு வைத்திருந்த ஒரே வழி, டாக்டர் ஃபிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினி வைத்தியம். உயிர் மட்டும் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சாப்பாடு, அதற்குமேல் ஒரு கவளம் கிடையாது. அந்த வைத்தியத்தில் மூன்று வருஷம் தாக்குப்பிடித்து, 1922 ஆகஸ்டில் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பேண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது எலிசபெத்துக்கு 15 வயது நிறையச் சில நாட்களே பாக்கி. எடை சுமார் 20 கிலோ. அந்த வருஷம் ஜனவரியில்தான் முதல்முதலாக ஒரு மனிதனுக்கு இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். எலிசபெத்துக்கும் போட்டார்கள். வாரா வாரம் எடை ஏறியது. அவள் பிழைத்துக்கொண்டாள் என்பதற்கு அந்த எடைதான் அத்தாட்சி. 73 வயதுவரை வாழ்ந்தார்.

நூறு வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். அவளுக்கு வரமாக வந்த அதே எடை எனக்குப் புகாராகிவிட்டது. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புகார் பொய்யில்லை. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வைத்து டிசிசிடி என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நிரூபித்த ஆய்வு அதுதான். இன்று எந்த டாக்டரும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஏழுக்குக் கீழே வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு வேர் அங்கே இருக்கிறது. அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் வந்தன, இவற்றை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான லோ மற்றவர்களைவிட மூன்று மடங்கு வந்தது. ஐந்து வருஷத்தில் அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக ஏறியிருந்தார்கள்.

இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலினைக் குறைத்தால் எடை குறையும் என்பது எந்த டைப் 1 நோயாளிக்கும் யாரும் சொல்லித்தரவேண்டிய விஷயம் இல்லை, நோயே அதை முதலில் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. 26 வயதில், ஒரு கெட்ட மனநிலையில், வேண்டுமென்றே ஊசியைத் தவிர்த்தேன். எடை குறைந்தது உண்மை. கூடவே வாந்தி, அடிவயிற்று வலி, நிறுத்த முடியாத மேல்மூச்சு, வாயில் அழுகிய பழ வாசனை. கீட்டோஅசிடோசிஸ், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிவிடும் நிலை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏறியது. இறங்கிய எடையில் பெரும்பகுதி தண்ணீரும் தசையும்தான், அந்தத் தண்ணீரை ஏற்றியே அனுப்பினார்கள். ஆள் பிழைக்காமலும் போயிருக்கலாம். இந்தப் பழக்கத்துக்கு டயாபுலிமியா என்று ஒரு பெயர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற யாராவது அந்த இடத்தில் இருந்தால், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, ‘ஊசி போட மறந்துட்டேன்’ என்றேன். மூன்று நாள் தொடர்ந்து யாருக்கு மறக்கும்? அந்த நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று இன்றைக்கும் தோன்றும்.

சரி, டாக்டர் அறைக்கு வருகிறேன்.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். பழச்சாறு, பிஸ்கட், ஜாம் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 350 கலோரி என்று வைத்துக்கொண்டார், நான் சொன்ன அளவை அவர் நம்பாமல் கொஞ்சம் கூட்டியே போட்டார், அது சரிதான். வாரத்துக்கு ஐந்து ராத்திரி. 1,750. மாதத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. “நீங்க பகல்ல பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கிறத ராத்திரி செலவு பண்ணிடறீங்க. ஆனா தப்பு உங்க வாயில இல்ல. இந்த 24 யூனிட்ல இருக்கு.”

நான் முழித்தேன்.

“நீங்க எடை குறைய சாப்பாட்டைக் குறைச்சீங்க. இன்சுலினைக் குறைச்சீங்களா?”

இல்லை. சாப்பாட்டுக்குப் போடும் ஊசியை ஓரளவு கணக்குப் பார்த்துக் குறைத்திருந்தேன். படுக்கும்போது போடும் 24 யூனிட் நான்கு வருஷமாக அப்படியே இருந்தது, ஜாதகத்தில் எழுதிய எண் மாதிரி. அது அளவுக்கு மிஞ்சி இருந்தால் என்ன ஆகும்? நான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்க ஒன்றும் இல்லாதபோது என்னை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதைத்தான் நான் ராத்திரி ராத்திரி செய்திருக்கிறேன். சாப்பிட்டது எனக்காக இல்லை, ஊசிக்குள் இருந்த யானைக்காக. அது தின்று முடித்ததைக் கொழுப்பாக மாற்றி என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனது. கொழுப்பைச் சேமிக்கச் சொல்வதும், சேமித்ததை உடைக்கவிடாமல் பூட்டி வைப்பதும் இன்சுலினின் வேலையே அல்லவா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகும், பாதிக்கு மேல் அங்கேயே செலவாகிவிடும், மிச்சம்தான் உடம்புக்கு. நாம் தோலுக்கடியில் போடும் இன்சுலினுக்கு அந்த வழி கிடையாது. தசையும் கொழுப்பும் கல்லீரலுக்குச் சமமாக அதில் குளிக்கின்றன. அதனால் தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டும்.

அப்புறம் நடந்தது ‘பேசல்’ சோதனை. கேட்கப் பெரிதாக இருக்கும், விஷயம் எளிது. கடைசியாகப் போட்ட வேக இன்சுலின் வேலை முடிய நான்கு மணி நேரம் விட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சுகர் எங்கே போகிறது என்று வேடிக்கை பார்ப்பது. பேசல் சரியாக இருந்தால் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் சுகர் முப்பது புள்ளிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. நான் 142-இல் படுத்தேன். மூன்று மணிக்கு 61. டாக்டர் 24-ஐ 22 ஆக்கினார். சில நாள் பார்த்து 20. அப்புறம் 19. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விழித்தால் வெளியே வெளிச்சம். சென்சார் கோடு ராத்திரி முழுக்க 118-க்கும் 131-க்கும் நடுவில் தூங்கியிருந்தது. எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. சென்சார் கெட்டுப்போச்சோ என்று விரலில் குத்திப் பார்த்தேன். 124.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை என் உடம்புக்கு என் டாக்டர் போட்டவை. முறையைத்தான் சொல்கிறேன்.

லோ முழுதாக ஒழியவில்லை, டைப் 1-இல் அது ஒழியாது. ஆனால் வந்தால் எவ்வளவு சாப்பிடுவது என்பதை 41 வயதில், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதுபோலக் கற்றுக்கொண்டேன். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் பொறுமை, மறுபடி குத்திப் பார்ப்பது. எல்லோருக்கும் மனப்பாடமான விதி. 15 கிராம் என்றால் 60 கலோரி. என்னுடைய 350 எங்கே, இந்த 60 எங்கே. முதல் பாதி சுலபம், பொறுமையாக இருக்கச் சொல்கிற அந்த 15 நிமிஷம்தான் கொல்லும். சர்க்கரை வயிற்றுக்குள் போய்விட்டது, ரத்தத்துக்கு இன்னும் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உடம்பு முழுக்க ‘இன்னும், இன்னும்’ என்று கூவுகிறது. இதற்கு நான் செய்த ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். அடுப்படிக்குப் போவதை நிறுத்தினேன். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதில் தலா நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரைகள். நான்கு மாத்திரையை மென்றுவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்காமல் நூறிலிருந்து தலைகீழாக எண்ணுவேன், பல தடவை. மாத்திரை சுண்ணாம்புக் கட்டிபோல இருக்கும். அதன் நல்ல குணமே அதுதான். உலகத்தில் யாரும் அதை ஆசைக்கு ஐந்தாவதாக ஒன்று தின்னமாட்டார்கள். ஜாம் அப்படியா?

இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். 287-இல் விழித்த காலைகளில் நான் என்ன செய்வேன்? கோபத்தோடு ஒரு ஊசி. ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லையே என்று இன்னொன்று. வேக இன்சுலின் என்று பேர்தானே தவிர, அது முழுதாக வேலை முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். முதலாவது பாதி வழியில் இருக்கும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். பதினோரு மணிக்கு லோ. அதற்குத் தீனி. ஒரு மணிக்கு மறுபடி மேலே. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். இந்தத் தட்டு தாழ்ந்தால் இதில் ஒரு கடி, அந்தத் தட்டு தாழ்ந்தால் அதில் ஒரு கடி. கதையில் குரங்காவது சந்தோஷமாகத் தின்றது, இங்கே பூனையும் நான்தான், குரங்கும் நான்தான். இப்போது சாப்பாட்டுக்கு நடுவில் அவசரப்பட்டு இரண்டாவது ஊசி போடுவதில்லை. சுகர் 220 இருந்தாலும் முதல் ஊசிக்கு மூன்று, நான்கு மணி நேரம் கொடுக்கிறேன்.

ஊசி போடும் இடமும் காரணம் என்று டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தொப்புளுக்கு வலப்பக்கம், கைக்கு வாகாக இருக்கிறது என்று வருஷக்கணக்காக ஒரே இடத்தில் குத்திக் குத்தி, அங்கே ரப்பர் மாதிரி ஒரு மேடு. அந்த மேட்டில் போட்ட இன்சுலின் ஒரு நாள் ஊறாது, ஒரு நாள் மொத்தமாக இறங்கும். அதில் வலிக்காது, அதனால்தான் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். இடம் மாற்றியதும் அதே அளவு இன்சுலின் திடீரென்று வேகமாக வேலை செய்ய, இன்னும் இரண்டு யூனிட் குறைக்க வேண்டிவந்தது.

உடற்பயிற்சிக்கு வருவோம். எடை குறைய வேண்டுமா, நட என்று சொல்லாதவர் இல்லை. நானும் நடந்தேன். நடப்பதற்கு முன் லோ வருமே என்று பயந்து ஒரு டம்ளர் பழச்சாறு, இரண்டு பிஸ்கட். நாற்பது நிமிஷ நடையில் எரிவது என் உடம்புக்கு ஏறக்குறைய 180 கலோரி, பயத்தில் உள்ளே போனது 200. இப்படி ஒரு வருஷம். இதற்கும் பதில் தட்டில் இல்லை, ஊசியில்தான் இருந்தது. நடக்கப்போகிறேன் என்று முன்னமே தெரிந்தால், அதற்கு முந்தைய சாப்பாட்டு ஊசியைக் குறைக்கவேண்டும், எவ்வளவு என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யவேண்டும். சுகர் 126-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும்போது கிளம்பினால் பெரும்பாலும் கூடுதலாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. ரத்தத்தில் வேக இன்சுலின் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புவதும் இல்லை.

பளு தூக்குவது வேறு ஜாதி. முதல் நாள் ஜிம்மில் மூச்சு முட்டத் தூக்கிவிட்டுப் பார்த்தால் 130-இல் இருந்தது 195. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அட்ரினலின் கல்லீரலைத் தட்டி இருப்பில் உள்ள சர்க்கரையை வெளியே கொட்டவைக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். ஏறியதே என்று ஊசி போட்டேன், ஒரு மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது முதலில் பளு, அப்புறம் நடை. இந்த வரிசையில் செய்தால் நடக்கும்போது சுகர் சட்டென்று சரிவதில்லை. நன்றாக உழைத்த நாளில் அன்று ராத்திரிதான் கவனமாக இருக்கவேண்டும், தசை காலியான தன் கிடங்கை நிரப்பிக்கொள்ளும், லோ அப்போது வரும். அந்த நாட்களில் ராத்திரி பேசலை எவ்வளவு குறைப்பது என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிவைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். சொல்ல அதிகம் இல்லை என்பதுதான் விஷயம். லோ குறைந்த பிறகு தட்டில் கொஞ்சம் குறைத்தால் போதுமானதாக இருந்தது. மாவுச்சத்தை அறவே நிறுத்திப் பார்த்தேன் ஒரு மாதம். கோடு தட்டையானது உண்மை. ஆனால் இறைச்சியும் முட்டையும் மட்டும் சாப்பிட்ட ராத்திரிகளில் மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் புரதத்தால் சுகர் ஏறியது, அதற்குத் தனிக் கணக்கு. கொழுப்பு எரியும்போது வரும் கீட்டோனுக்கான பரிசோதனையில் நிறம் மாறினால் அது உணவால் வந்ததா, இன்சுலின் போதாமல் வந்ததா என்று வயிற்றைக் கலக்கும். அது எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். சிலருக்கு ஒத்துவருகிறது, டாக்டருக்குத் தெரியச் செய்தால் சரி.

பசி பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன், அது என் மேல் எனக்கிருந்த பாதிக் கோபத்தைத் தணித்தது. பீட்டா செல்கள் இன்சுலினோடு அமிலின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சுரக்கின்றன. வயிறு மெதுவாகக் காலியாகவும், ‘போதும்’ என்று மூளைக்குத் தகவல் போகவும் அது வேண்டும். பீட்டா செல்கள் போனதும் அதுவும் போச்சு. இன்சுலினை ஊசியில் திருப்பிக் கொடுத்தார்கள், அமிலினை யாரும் கொடுக்கவில்லை. அதன் செயற்கை வடிவமான பிராம்லின்டைடுக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி கிடைத்தது, அது சாப்பாட்டுக்குச் சாப்பாடு இன்னொரு ஊசி, பரவலாகவில்லை. ஆக, பக்கத்து நாற்காலிக்காரர் போதும் என்று எழுந்திருக்கும் இடத்தில் எனக்குப் போதவில்லை என்றால் அது முழுக்க என் நாக்கின் குற்றம் இல்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் வாராந்தர எடைக் குறைப்பு ஊசி பற்றி நானும் கேட்டேன். அவை டைப் 1-க்கு என்று அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. எடைக்காகச் சில டாக்டர்கள் கவனமாகத் தருகிறார்கள். பசி திடீரென்று குறையும்போது இன்சுலினை யார் எவ்வளவு குறைப்பது என்ற கேள்வி அங்கேயும் வாசலில் நிற்கிறது. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் மாத்திரைகள் வேறு. அவற்றில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசினை ஐரோப்பாவில் 2019-இல் டைப் 1-க்கு அனுமதித்தார்கள், 2021-இல் தயாரித்த கம்பெனியே அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. அதில் சுகர் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அந்த அழுகிய பழ வாசனையை ஒரு தடவை பார்த்தவள் என்பதால் எனக்கு அதைக் கேட்டதோடு போதும் என்று ஆகிவிட்டது. தைராய்டு மட்டும் பரிசோதித்துக்கொண்டேன், டைப் 1 இருப்பவர்களுக்கு அது சேர்ந்து வருவது சகஜம், எடை ஏற அதுவும் ஒரு காரணமாகலாம். எனக்கு இல்லை.

பதினொரு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. விளம்பரத்தில் போட முடியாத வேகம். நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை. ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் மறுபடி பேசல் சோதனை, ஏனென்றால் குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மறுபடியும் யானை. 19 இப்போது 17.

போன மாதம் ஒரு விசேஷத்தில் அத்தையைப் பார்த்தேன். நோய் தெரியாமல் நான் காய்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் “இப்பதான்டி பாக்க லட்சணமா இருக்கே” என்று முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தவர் இதே அத்தைதான். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“என்னடி இப்படி இளைச்சுட்டே? சுகர் ஏறிடுச்சா?”

“இல்ல அத்தை. ராத்திரி நல்லாத் தூங்குறேன்.”

அவர் நம்பவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். நான் பையிலிருந்து பேனா ஊசியை எடுத்து, அந்தக் கரண்டியின் அளவைக் கண்ணால் பார்த்து, இரண்டு யூனிட் திருகினேன். அப்புறம் சாப்பாடு முடிந்து வீடுவரை நடக்கத்தானே போகிறோம் என்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன்.